இந்த வருஷம் கடலில் இறங்கிய சால்மன் குஞ்சு பிழைக்குமா? கடலைப் பார்த்துக் கணிக்க ஒரு முழு வழிகாட்டி

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆற்றுக்கே திரும்பும் மீன். அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆற்றில் சால்மன் வரவு சரிந்துவிட்டது என்று செய்தி வந்தால் போதும், அணைதான் காரணம் என்று ஒரு கூட்டமும் மீன்பிடிப்புதான் காரணம் என்று இன்னொரு கூட்டமும் சண்டைக்குக் கிளம்பிவிடும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே ஆறு, அதே அணைகள், அதே குஞ்சுப் பண்ணைகள் இருக்கும்போதே ஒரு வருஷம் மீன் குவிகிறது, இன்னொரு வருஷம் தேட வேண்டியிருக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பதில் பெரும்பாலும் கடலில் இருக்கிறது, அதிலும் குஞ்சு ஆற்றை விட்டுக் கடலில் இறங்கிய முதல் சில மாதங்களில். அந்த மாதங்களில் கடல் எப்படி இருந்தது என்பதைப் பொதுவில் கிடைக்கும் தரவுகளை வைத்து எவரும் ஓரளவு படித்துவிடலாம். எதை முதலில் பார்ப்பது, எதை எவ்வளவு நம்புவது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் கரையை எடுத்துக்கொள்வோம். ஓரிகனின் நியூபோர்ட் ஊருக்கு நேராகக் கடலுக்குள் ஒரு கோடு போட்டது போல் நிலையங்களைக் குறித்துவைத்து, 1996 முதல் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை படகில் போய் நீரையும் அதிலுள்ள மிதவை உயிரிகளையும் அள்ளி வருகிறார்கள். இதைத் தொடங்கியவர் பில் பீட்டர்சன் என்ற கடல் உயிரியலாளர். 2017-ல் அவர் காலமானார், வேலை நிற்கவில்லை. இந்தத் தரவையும் இன்னும் பலவற்றையும் சேர்த்து, நோவா எனப்படும் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் வடமேற்கு மீன்வள மையம் ஒரு பெரிய அட்டவணை வைத்திருக்கிறது. 1998 முதல் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒவ்வொரு குறியீடும் நல்லதா, சுமாரா, மோசமா என்று போக்குவரத்து விளக்கு போல நிறம் பிரித்துக் காட்டும் அட்டவணை அது. அதைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. முதலில் வருஷத்தைச் சரியாகப் பிடியுங்கள்

இதில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். மீன் திரும்பி வந்த வருஷத்தின் கடலைப் பார்த்துவிட்டு, கடல் நன்றாகத்தானே இருந்தது, பிறகு ஏன் மீன் இல்லை என்று கேட்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த மீன் குஞ்சாகக் கடலில் இறங்கிய வருஷத்தை.

சால்மனில் கோஹோ, சினூக், சாக்கை என்று பல இனம் உண்டு, இனத்துக்கு இனம் கணக்கு மாறும். கோஹோ வசந்தத்தில் கடலுக்குப் போய் ஏறக்குறைய பதினெட்டு மாதம் கழித்து அடுத்த வருஷ இலையுதிர் காலத்தில் திரும்பும். கொலம்பியாவின் வசந்தகாலச் சினூக்கில் (வசந்தத்தில் ஆறேறுவது) பெரும்பகுதி இரண்டு வருஷம் கழித்து வரும், சில மூன்று வருஷமும் எடுத்துக்கொள்ளும். கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ ஆற்று இலையுதிர்காலச் சினூக்குக்கும் பெரும்பாலும் இரண்டு வருஷக் கணக்குதான்.

இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் ஃப்ரேசர் ஆறு நல்ல உதாரணம். 2009-ல் அங்கே சாக்கை சால்மன் ஒரு கோடிக்கு மேல் வரும் என்று எதிர்பார்த்தார்கள், வந்தது சுமார் 15 லட்சம். பெரிய கூச்சல் எழுந்து, நீதிபதி புரூஸ் கோஹன் தலைமையில் விசாரணை ஆணையமே அமைத்தார்கள். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே 2010-ல் இரண்டரைக் கோடிக்கும் அதிகமாக மீன் வந்து எல்லோரையும் திகைக்க வைத்தது! ஆணையம் கடைசியில் ஒரே ஒரு குற்றவாளியைக் கைகாட்டவில்லை. ஆனால் 2009-ல் வரவேண்டிய மீன்கள் கடலில் இறங்கியது 2007-ல், 2010-ல் வந்தவை இறங்கியது 2008-ல். இரண்டும் வேறு வேறு கடல்கள்.

2. குஞ்சுக்கு என்ன தேவை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடலுக்கு இறங்கும் பருவத்துக் குஞ்சை ஸ்மோல்ட் என்பார்கள். ஒரு வயது ஆற்றில் கழித்துவிட்டு வரும் ஸ்மோல்ட் ஒரு சாண் நீளம்கூட இருக்காது. அதற்கு இரண்டு கண்டங்கள். முதல் சில வாரங்களில் பறவைக்கும் பெரிய மீனுக்கும் இரையாகாமல் தப்ப வேண்டும். அதைத் தாண்டினால், முதல் குளிர்காலம் வருவதற்குள் போதுமான உடம்பும் கொழுப்பும் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இரை குறைந்த மாதங்களைத் தாங்காது. ரிச்சர்ட் பீமிஷும் கான்ராட் மான்கனும் 2001-ல் முன்வைத்த கருத்து இது. இரண்டு கண்டத்துக்கும் மருந்து ஒன்றே: வேகமாக வளர்வது. நல்ல கோடையில் கோஹோ குஞ்சு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் நீளும். வளர வளர அதை விழுங்கக்கூடிய வாய்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும்.

அதனால் இனி வரும் எந்தக் குறியீட்டைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது குஞ்சின் வாய்க்குள் போகும் கொழுப்பைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா?

சின்ன மாற்றம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். கொலம்பியா-ஸ்நேக் ஆற்றுச் சால்மனுக்கு வடமேற்கு மின்சக்தி, பாதுகாப்பு மன்றம் வைத்திருக்கும் இலக்கு, கடலுக்குப் போகும் நூறு குஞ்சில் 2 முதல் 6 வரை வளர்ந்து திரும்ப வேண்டும் என்பது. ஒரு வருஷம் நூற்றுக்கு 99 சாகிறது, இன்னொரு வருஷம் 97 சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணும் ஒன்று போலத்தான் தோன்றும், ஆனால் ஆற்றுக்கு வரும் மீன் மூன்று மடங்காகிவிடுகிறது.

3. பெரிய கடலின் போக்கு: கொஞ்சம் பாருங்கள், அதிகம் நம்பாதீர்கள்

பி.டி.ஓ. எனப்படும் பசிபிக் பத்தாண்டு அலைவும் எல் நினோ குறியீடும்தான் எல்லோரும் முதலில் திறப்பவை. பி.டி.ஓ. எதிர்மறையாக இருந்தால் ஓரிகன் கரையில் நீர் குளிர்ந்திருக்கும், வடக்கிலிருந்து வரும் நீர் அதிகம், சால்மனுக்கு நல்லது. நேர்மறை என்றால் நேரெதிர். எல் நினோ (பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாவது) வந்தால் மோசம், லா நினா (அது வழக்கத்தைவிடக் குளிர்வது) வந்தால் பெரும்பாலும் நல்லது. 1998 மோசமாக இருந்ததும், அடுத்து 1999 முதல் சில வருஷம் கடல் குளிர்ந்து கொலம்பியாவில் மீன் பெருகியதும் இந்த வாய்பாட்டுக்கு அச்சு அசலாகப் பொருந்தியவை.

சிக்கல் என்னவென்றால், பி.டி.ஓ. என்பது வட பசிபிக் முழுவதுக்குமான வெப்பநிலைப் பரவலை ஒரே எண்ணாகச் சுருக்குவது. கடலே மொத்தமாகச் சூடேறும்போது அந்த எண் பழைய அர்த்தத்தில் பேசுவதில்லை. அலாஸ்கா சால்மனுக்கும் பி.டி.ஓ.வுக்கும் இருந்த உறவு 1980-களின் இறுதிக்குப் பிறகு தளர்ந்துவிட்டது. 2020-க்குப் பிறகு எண் பெரும்பாலும் எதிர்மறையிலேயே கிடந்தும், கரையிலிருந்து தள்ளிய கடலில் வெப்ப அலைகள் வந்து போயின. ஆகவே இந்தப் படியில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள்.

4. காற்று எப்போது திரும்பியது?

குளிர்காலத்தில் இந்தக் கரையில் தென்மேற்குக் காற்று வீசி, தெற்கிலிருந்து வரும் நீரைக் கரையோரமாக வடக்கே தள்ளும். வசந்தத்தில், வழக்கமாக ஏப்ரலை ஒட்டி, காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கும். பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் மேல்நீர் காற்றின் திசைக்கு வலப்பக்கமாக நகரும். இங்கே அது கரையை விட்டு மேற்கே விலகும். விலகிய இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வரும். இதுதான் மேலெழுச்சி. தென்மேற்குப் பருவக்காற்றில் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிப் பக்கமும் கடல் குளிர்ந்து மத்தி பெருகுவதற்குப் பின்னாலும் இதே இயக்கம்தான் இருக்கிறது.

நோவாவின் மேலெழுச்சிக் குறியீட்டை எடுத்து, எந்த நாளில் எண் எதிர்மறையிலிருந்து நேர்மறைக்கு மாறி அங்கேயே நிலைத்தது என்று பாருங்கள். குஞ்சுகள் கடலில் இறங்குவது பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை. அவை வருவதற்கு முன்பே பந்தி தயாராக இருக்க வேண்டும்.

2005-ல் அது நடக்கவில்லை. வடக்குக் காற்று ஓரிகன் பக்கம் ஜூலை நடுப்பகுதி வரை ஒழுங்காக வீசவில்லை. கலிபோர்னியாவிலும் அந்த வசந்தம் மோசம். சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரே உள்ள ஃபாரலன் தீவுகளில் காசின்ஸ் ஆக்லெட் என்ற கடற்பறவைகள், க்ரில் என்ற இறால் போன்ற சிறு உயிரி கிடைக்காமல், அடைகாத்துக்கொண்டிருந்த கூடுகளைக் கைவிட்டுப் போயின. அதே மாதங்களில் சாக்ரமெண்டோவின் சினூக் குஞ்சுகள் கடலில் இறங்கின. 2002-ல் 7 லட்சத்துக்கும் அதிகமாக ஆற்றுக்குத் திரும்பியிருந்த அந்த இனம் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் கீழே போனது. 2006-ல் இறங்கிய குஞ்சுகளுக்கும் கடல் கை கொடுக்கவில்லை. 2008-ல் கலிபோர்னியாவிலும் ஓரிகனின் பெரும்பகுதியிலும் கடல் சால்மன் பிடிப்பையே மூடினார்கள். பறவையைக் கவனித்தவர்களுக்கு இரண்டு வருஷம் முன்பே மணி அடித்துவிட்டது என்று சொல்லலாம்.

மேலெழுச்சி அதிகமானால் எல்லாம் சுபம் என்றும் நினைக்க வேண்டாம். 2002 முதல் ஓரிகனின் கரையோரக் கடல்தரையில் கோடைகளில் ஆக்ஸிஜன் குறைந்த நீர் தலைகாட்டுகிறது, அதற்கு இந்த மேலெழுச்சியும் ஒரு காரணம். மேல்நீரில் நீந்தும் சால்மன் குஞ்சை விட, வேகமாக விலகிப் போக முடியாத நண்டுக்குத்தான் அதனால் பெரிய அடி.

5. வெப்பநிலை: மேலே மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்

நியூபோர்ட்டுக்கு மேற்கே ஸ்டோன்வால் பேங்க் என்ற இடத்தில் 46050 என்ற எண்ணுள்ள, அளவுக்கருவிகள் பொருத்திய மிதவை இருக்கிறது, மேற்பரப்பு வெப்பநிலை அங்கிருந்து கிடைக்கும். வெயிலும் காற்றும் அதை ஒரே வாரத்தில் ஏற்றி இறக்கிவிடும். அதனால் ஐம்பது மீட்டர் ஆழத்து வெப்பநிலையையும் உப்பையும் சேர்த்துப் பாருங்கள். ஆழத்து நீர் குளிர்ந்து உப்புக் கூடியிருந்தால் மேலெழுச்சி உண்மையாகவே வேலை செய்கிறது என்று பொருள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கரையில் கடல் இரண்டு மூன்று டிகிரி கூடினால் குஞ்சு வெந்து சாவதில்லை. சூடான நீரில் அதன் உடம்புக்குத் தீனி அதிகம் தேவைப்படும், அதே நேரத்தில் கிடைக்கும் தீனியின் தரம் இறங்கியிருக்கும். இந்த இரண்டாவதுதான் பெரிய அடி, அதற்கு அடுத்த படி.

6. கோப்பிபோட்: ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருந்தால் இதைப் பாருங்கள்

கோப்பிபோட் என்பது சில மில்லிமீட்டர் அளவே உள்ள மிதவை உயிரி. ஓரிகன் கடலில் இவற்றில் இரண்டு கூட்டம் மாறி மாறி வரும். ஒன்று அலாஸ்கா பக்கக் குளிர்நீரோடு வருவது: கலானஸ் மார்ஷல்லே, சூடோகலானஸ் மிமஸ் போன்றவை. நீண்ட குளிர்காலத்தைத் தாங்க வேண்டியவை என்பதால் உடம்பில் கொழுப்பை நிறையச் சேர்த்துவைத்திருக்கும். இன்னொன்று தெற்கிலிருந்தோ ஆழ்கடல் பக்கத்திலிருந்தோ சூடான நீரோடு வருவது: பாராகலானஸ் போன்றவை. உடம்பு சிறிது, கொழுப்பும் சொற்பம்.

சால்மன் குஞ்சு கோப்பிபோட்டை நேரடியாக அதிகம் தின்பதில்லை. கோப்பிபோட்டைத் தின்னும் சின்ன மீன், க்ரில், நண்டுக் குஞ்சு இவற்றைத்தான் தின்கிறது. கீழ்த்தட்டில் கொழுப்பு இருந்தால் அது அப்படியே மேலே ஏறி வரும். இல்லையென்றால் வயிறு நிறையத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. அதனால்தான் நியூபோர்ட் அட்டவணையில் வடக்குக் கோப்பிபோட்டின் எடை, தெற்குக் கோப்பிபோட்டின் எடை, மொத்த இனங்களின் எண்ணிக்கை என்று இதற்கே பல வரிகள் ஒதுக்கியிருக்கிறார்கள். படிக்கும்போது ஒரு விஷயம் தலைகீழாகத் தோன்றும்: இனங்கள் அதிகமாக இருந்தால் கெட்டது. சூடான நீரில் வகை அதிகம், குளிர்நீரில் வகை குறைவு, ஆனால் கொழுத்தவை.

இன்னொரு வரியையும் தேடுங்கள், உயிரியல் மாற்ற நாள். கரையில் வடக்குக் கூட்டம் ஆதிக்கத்துக்கு வந்த நாள் அது. காற்று திரும்பிய நாளுக்கும் இதற்கும் இடைவெளி இருக்கலாம், குஞ்சுக்கு முக்கியம் இதுதான்.

இதன் அருமை 2015-ல் தெரிந்தது. 2013-ன் கடைசியில் வட பசிபிக்கில் ஒரு பெரிய வெந்நீர்த் திரள் உருவானது. அப்போது வாஷிங்டன் மாநிலக் காலநிலை ஆய்வாளராக இருந்த நிக் பாண்ட் அதற்கு ‘பிளாப்’ என்று பெயர் வைத்தார். 2014 செப்டம்பரில் அது ஓரிகன் கரையைத் தொட்டது. 2015 வசந்தத்தில் வடக்குக் காற்று நன்றாகவே வீசியது, மேலெழுச்சிக் குறியீடும் வலுவாக இருந்தது. காற்றை மட்டும் பார்த்தவர் நல்ல வருஷம் என்று எழுதியிருப்பார். ஆனால் கோப்பிபோட் வலையில் வந்ததெல்லாம் தெற்குச் சரக்கு, அங்கே அதுவரை பார்த்திராத இனங்களும் சேர்த்து. உயிரியல் மாற்றம் 2015-லும் நடக்கவில்லை, 2016-லும் நடக்கவில்லை. அட்டவணையில் அந்த இரண்டு வருஷத்துக்கு நேராகத் தேதியே கிடையாது.

7. பந்தியில் உண்மையில் என்ன பரிமாறினார்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை கடலில் மீன் லார்வாக்கள் எவ்வளவு இருந்தன என்று தனியாக அளக்கிறார்கள். மே, ஜூனில் சால்மன் குஞ்சு தின்னப்போகும் குட்டி மீன்கள் இவைதான், மூன்று மாதம் முன்பே எண்ணிவிடுகிறோம். இங்கே அளவை விட வகை முக்கியம். கரையோரக் குளிர்நீர் மீன்களான சாண்ட் லான்ஸ் போன்றவை இருந்தால் நல்லது. பிளாப் காலத்தில் லார்வாக்களின் எடை குறையவில்லை, ஆனால் பாறைமீன், நெத்திலி என்று கூட்டத்தின் ஆட்களே மாறியிருந்தார்கள்.

2017-ல் வேறொரு வேடிக்கை. பைரோசோம் என்ற கூழ்க்குழாய் போன்ற வெதுநீர் உயிரி ஓரிகன் முதல் அலாஸ்கா வரை வலைகளை அடைத்தது. கடல் ஆறிவிட்டது என்று மிதவை சொன்னாலும் சாப்பாட்டு மேசை பழைய நிலைக்குத் திரும்ப இன்னும் காலம் பிடிக்கும் என்பதற்கு அது சாட்சி.

8. தின்ன வருபவர்களுக்கு வேறு தீனி இருக்கிறதா

கொலம்பியா முகத்துவாரத்தில் நடந்த கதையைக் கேளுங்கள். 1990-களில் ரைஸ் தீவு என்ற மணல்திட்டில் காஸ்பியன் ஆலாக்கள் பெரும் கூட்டமாகக் கூடு கட்டின. கடலிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஆற்றுக்குள் இருக்கும் இடம். அவற்றின் தீனியில் ஏறக்குறைய முக்கால் பங்கு சால்மன் குஞ்சுகள். 1999 முதல் அந்தக் கூட்டத்தைக் கடலுக்கு மிக அருகில் உள்ள ஈஸ்ட் சாண்ட் தீவுக்கு இடம்பெயர்க்கத் தொடங்கினார்கள். பறவை அதே பறவை, அலகும் அதே அலகு. அங்கே நெத்திலி போன்ற கடல்மீன்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்ததால் தீனியில் சால்மனின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது.

இதே தர்க்கம் கடலுக்கும் பொருந்தும். மர் பறவை, நீர்க்காகம், ஹேக் மீன் எல்லாம் கிடைத்ததைத் தின்பவை. நெத்திலியும் சின்ன மீன்களும் நிறைந்த வருஷத்தில் சால்மன் குஞ்சு கூட்டத்தில் ஒளிந்து தப்பிவிடும். அவை இல்லாத வருஷத்தில், சூடான நீரோடு ஹேக் கரையோரம் வந்துவிட்டால், இரண்டு பக்கமும் அடி. இதற்கு ஒரே எண்ணாகக் குறியீடு எதுவும் இல்லை. தீனி மீன் நிலவரத்தையும் பறவைக் குடியிருப்புச் செய்திகளையும் நீங்களே சேர்த்துப் படிக்க வேண்டியதுதான்.

நெத்திலி நல்லது என்று சொல்லிவிட்டு ஒரு பின்குறிப்பும் சேர்க்காமல் இருக்க முடியவில்லை. 2020-ன் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் குஞ்சுப் பண்ணைகளில் சினூக் குஞ்சுகள் சுழன்று சுழன்று நீந்திச் சாகத் தொடங்கின. காரணம் தயமின், அதாவது பி1 வைட்டமின் குறைபாடு. தாய் மீன்கள் கடலில் நெத்திலியையே தின்றிருந்தன, நெத்திலியில் தயமினைச் சிதைக்கும் நொதி உண்டு. தாய்க்குத் தயமின் ஊசி போட்டும் குஞ்சைத் தயமின் கரைத்த நீரில் நனைத்தும் சமாளித்தார்கள். பண்ணைக்கு வெளியே ஆற்றில் முட்டையிட்ட மீனுக்கு ஊசி போட யார் இருக்கிறார்கள்?

9. ஜூன் வலையும் ஜாக் மீனும்

இதுவரை பார்த்ததெல்லாம் சூழ்நிலை. இனி மீனே சொல்லும் சாட்சி. 1998 முதல் ஜூன் மாதங்களில் வாஷிங்டன், ஓரிகன் கரையோரம் வலையிழுத்து, கடலில் சில வாரம் கழித்த சினூக், கோஹோ குஞ்சுகளை எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கை அதிகம் என்றால் முதல் கண்டத்தைப் பலர் தாண்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது ஜாக். தன் வயதுக் கூட்டத்தைவிட ஒரு வருஷம் முந்தியே திரும்பிவிடும் சிறிய ஆண் மீன். ஜாக் நிறைய வந்தால் கடலில் அதன் கூட்டாளிகளும் நிறைய இருக்கிறார்கள் என்று கணிப்பார்கள். 2008 இந்த அட்டவணையிலேயே மிக நல்ல வருஷங்களில் ஒன்று. அதில் இறங்கிய வசந்தகாலச் சினூக்கின் ஜாக்குகள் 2009-ல் கொலம்பியா ஆற்றின் பான்வில் அணையில் சாதனை அளவுக்கு வந்தன. அதை வைத்து 2010-க்கு 4.7 லட்சம் என்று கணித்தார்கள். வந்தது சுமார் 3.15 லட்சம். நல்ல வரவுதான், ஆனாலும் கணிப்பு வெகுவாகத் தப்பியது. கடல் நன்றாக இருக்கும்போது ஆண்கள் சீக்கிரமே முதிர்ந்து ஜாக்காகும் விகிதமும் ஏறக்கூடும், ஆகவே ஜாக் எண்ணை நேர்க்கோட்டில் பெருக்கிவிடாதீர்கள்.

10. சேர்த்துப் பார்ப்பது

எல்லாக் குறியீட்டுக்கும் சம மதிப்பெண் கொடுத்துச் சராசரி எடுப்பது சுலபம், அட்டவணையிலேயே அந்தத் தரவரிசை இருக்கிறது. நான் அதை முதல் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். வெப்பநிலை, பி.டி.ஓ., எல் நினோ எல்லாம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்பவை, அவற்றுக்கு மூன்று ஓட்டுக் கொடுப்பது நியாயமில்லை. வடக்குக் கோப்பிபோட்டும் உயிரியல் மாற்ற நாளும் ஒரு பக்கம், ஜூன் வலை இன்னொரு பக்கம், இந்த இரண்டும் ஒத்துப்போனால் துணிந்து கணிக்கலாம். முரண்பட்டால் அந்த வருஷத்தைச் சுமார் என்று எழுதிவைப்பதே நேர்மை.

அப்புறம் ஆற்றையும் மறக்கக் கூடாது. கடல் நன்றாக இருந்தும் கடலுக்கு வந்து சேர்ந்த குஞ்சே குறைவென்றால் எந்தக் குறியீடும் காப்பாற்றாது. கலிபோர்னியாவில் 2023-ல் கடல் சால்மன் பிடிப்பை மூடியபோது பெரிய காரணமாகச் சொல்லப்பட்டது, அந்த மீன்கள் குஞ்சாக இருந்த காலத்து வறட்சியும் ஆற்றில் சூடேறிய நீரும்தான். கொலம்பியாவைக் கணிப்பதென்றால் குஞ்சுகள் அணைகளைக் கடந்த வசந்தத்தில் ஆற்றில் எவ்வளவு நீர் ஓடியது என்பதையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

கணிப்பை அந்த வருஷம் அக்டோபருக்குள் எழுதித் தேதி போட்டு வையுங்கள், ஒவ்வொரு குறியீட்டுக்கும் எதிரே ஏன் அப்படி நினைத்தீர்கள் என்று ஒரு வாக்கியத்தோடு. கோஹோவுக்கு அடுத்த இலையுதிர் காலத்திலும் வசந்தகாலச் சினூக்குக்கு அதற்கடுத்த வசந்தத்திலும் பான்வில் அணையின் தினசரி எண்ணிக்கையை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டார்ட் தளத்தில் எடுத்து, பத்தாண்டுச் சராசரியோடு ஒப்பிட்டால் உங்கள் கணிப்பு எந்தப் படியில் தப்பியது என்று தெரிந்துவிடும்.